கொடுப்பவரின் கேள்வி

 

ஜும்ஆத் தொழுகை முடிந்து இமாம் ஸலாம் கொடுத்த சற்று நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நிற்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மருத்துவமனைச் சீட்டுகள், எக்ஸ்ரே படம், ஏதோ ஓர் ஊர் ஜமாஅத்தின் முத்திரையிட்ட கடிதம். தம் பிள்ளைக்கு இருதயத்தில் ஓட்டை என்றும், ஆபரேஷனுக்கு உதவ வேண்டும் என்றும் சொல்லும்போதே அவருடைய குரல் தழுதழுக்கிறது. வாசலில் துண்டு விரிக்கப்படுகிறது. நாமும் சட்டைப் பையைத் தடவி, கைக்கு அகப்பட்ட நோட்டை அதில் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடுகிறோம்.

வீடு திரும்பியதும் சாப்பாட்டு ஸஹனைச் சுற்றி இரண்டு விதமான பேச்சு நடக்கும். "பாவம், உண்மையாகத்தான் இருக்கும்" என்பார் ஒருவர். "இதே ஆளைப் போன வருடம் வேறொரு பள்ளியில் பார்த்தேன், எல்லாம் பிழைப்பு" என்பார் மற்றொருவர். முதலாமவர் கொடுத்தார், இரண்டாமவர் கொடுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இருவருமே எதையும் விசாரிக்கவில்லை. பிள்ளை எந்த மருத்துவமனையில் இருக்கிறது, செலவு எவ்வளவு, இதுவரை சேர்ந்தது எவ்வளவு என்று கொடுத்தவரும் கேட்கவில்லை, கொடாதவரும் கேட்கவில்லை.

பள்ளிவாசலின் துண்டு இன்று செல்பேசிக்கும் வந்துவிட்டது. மூக்கில் குழாயுடன் கிடக்கும் குழந்தையின் படமும் ஒரு வங்கிக் கணக்கு எண்ணும் நாளுக்கு நாள் வருகின்றன. அந்தக் குழந்தை குணமடைந்து வீடு திரும்பிய பின்னும், சில வேளை மண்ணறைக்குச் சென்ற பின்னும், படம் மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அக்டோபர் மாதம் வந்தால் கல்லூரியில் படிக்கும் நம் பெண்மக்கள் இளஞ்சிவப்பு நாடாவைக் குத்திக்கொண்டு வருகிறார்கள். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கான அடையாளம் அது.

நோயாளியின் பெயரால் கேட்கப்படும் பணத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள்? என்ன நினைக்க வேண்டும்? அந்த இளஞ்சிவப்பு நாடாவோடு உலகெங்கும் அறியப்பட்ட ஓர் அமெரிக்க அறநிறுவனத்தின் கதையைக் கொண்டே இம்மாதம் இதைச் சிந்திப்போம். நம் மஹல்லாவில் சிறிய அளவில் நடப்பது அங்கே பெரிய அளவில் நடந்தது. பெரிதாக எழுதியதைப் படிப்பது கண்ணுக்கு எளிதன்றோ?

அக்காவுக்குத் தந்த வாக்கு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த சூசன் கோமன் என்ற பெண்மணி, மார்பகப் புற்றுநோயால் 1980-ஆம் ஆண்டு தம் 36-ஆவது வயதில் இறந்தார். இந்நோயை ஒழிக்க என்னால் இயன்றதையெல்லாம் செய்வேன் என்று அவருடைய தங்கை நான்சி பிரிங்கர் வாக்குக் கொடுத்திருந்தார். 1982-இல், 200 டாலரும், நன்கொடை தரக்கூடியவர்களின் பெயர்களை எழுதி வைத்த ஒரு செருப்புப் பெட்டியுமாக, டல்லாஸ் நகரில் அக்காவின் பெயரால் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

அன்று மார்பகப் புற்றுநோய் என்ற சொல்லைப் பலர் கூடியிருக்கும் இடத்தில் உச்சரிக்கவே பெண்கள் கூசினர். 1983-இல் அவ்வமைப்பு நடத்திய முதல் நிதி ஓட்டத்தில் 800 பேர் கலந்துகொண்டனர். பின்னர் அது நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் பரவியது. நோயிலிருந்து மீண்ட பெண்கள் தலைநிமிர்ந்து வீதியில் நடந்தனர். கூச்சம் அகன்றது, பரிசோதனைக்குச் செல்வது வழக்கமாயிற்று. தொடங்கிய நாள் முதல் 100 கோடி டாலருக்கும் அதிகமாக ஆராய்ச்சிக்கு வழங்கியிருப்பதாக அவ்வமைப்பு கூறுகிறது. இந்த நன்மையை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் பேசுவது நீதியாகாது.

நம் தமிழகத்திலும் இதே போன்றதொரு தொடக்கம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் உடன்பிறந்த சகோதரி 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம்தான் பல ஆண்டுகளுக்குப் பின், 1954-இல், சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஒரு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. அதுவும் வீடு வீடாக, மேடை மேடையாகக் கேட்டுத் திரட்டிய பணத்தில் எழுந்ததே. ஆகவே கேட்பது இழிவன்று. கேட்டிராவிட்டால் உலகில் பல மருத்துவமனைகள் எழுந்தே இரா. கேட்கும் முறை எது, கேட்டு வாங்கியதற்குச் சொல்லும் கணக்கு எது என்பதே நம் கேள்வி.

நாடா வந்த வழி

அந்த இளஞ்சிவப்பு நாடாவுக்கு ஒரு முன்கதை இருக்கிறது. தொடக்கத்தில் அது இளஞ்சிவப்பாகவே இல்லை. 1990-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற 68 வயது மூதாட்டி தம் வீட்டில் அமர்ந்து வெளிர் ஆரஞ்சு நிற நாடாக்களைத் தம் கையாலேயே செய்தார். அவருடைய பாட்டி, சகோதரி, மகள் ஆகிய மூவரையும் இந்நோய் தீண்டியிருந்தது. நாடாவோடு ஒரு சீட்டையும் இணைத்தார். அரசின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர் என்றும், அதில் நோய் வராமல் தடுக்கும் பணிக்கு நூற்றுக்கு 5 மட்டுமே செல்கிறது என்றும் அச்சீட்டு சொன்னது. அவர் எவரிடமும் பணம் கேட்கவில்லை. பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள் என்றே மக்களைத் தூண்டினார்.

ஒரு பத்திரிகையும் ஓர் அழகுப்பொருள் நிறுவனமும் அந்த நாடாவைத் தங்கள் விளம்பரத்துக்குக் கேட்டு வந்தன. இது வியாபாரமாகிவிடும் என்று அந்த அம்மையார் மறுத்துவிட்டார். வழக்கறிஞர்களின் ஆலோசனைப்படி அவர்கள் நிறத்தை மாற்றிக்கொண்டனர். 1992-இல் இளஞ்சிவப்பு நாடா கடைகளுக்கு வந்தது. கோமன் அமைப்பும் அதற்கு முந்தைய ஆண்டே தன் ஓட்டத்தில் இளஞ்சிவப்பு நாடாக்களை வழங்கியிருந்தது. நாடா உலகப் புகழ் பெற்றது. அந்த மூதாட்டியின் சீட்டிலிருந்த கேள்வி மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது.

சகோதரிகளே! அறச்செயலின் அடையாளம் நிலைத்து, அதனோடு பிறந்த கேள்வி மறைந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அடுத்து நடந்தவை காட்டுகின்றன.

கோழி வறுவல் வாளி

2010-ஆம் ஆண்டு ஏப்ரலில், கே.எப்.சி. என்னும் கோழி வறுவல் உணவகங்கள் கோமன் அமைப்போடு கைகோத்தன. வழக்கமான சிவப்பு வாளிக்குப் பதில் இளஞ்சிவப்பு வாளியில் வறுத்த கோழி விற்கப்பட்டது. வாளி ஒன்றுக்கு 50 சென்ட், அதாவது அரை டாலர், மார்பகப் புற்றுநோய்ப் பணிக்குச் செல்லும் என்றனர். 42 லட்சம் டாலருக்கும் மேல் திரண்டது.

மக்கள் கருத்து இரண்டாகப் பிரிந்தது. ஏழை மக்கள் வாழும் பகுதிகளிலும் இந்த உணவகங்கள் இருப்பதால் நோய் பற்றிய செய்தி அவர்களையும் எட்டும் என்றது ஒரு தரப்பு. எண்ணெயில் பொரித்த உணவை வாளி வாளியாக விற்று உடல்நலத்துக்கு நிதி திரட்டுவது எங்ஙனம் பொருந்தும் என்று கேட்டது மறுதரப்பு. இதைவிட நுட்பமான செய்தி சிறிய எழுத்தில் இருந்தது. உணவகங்கள் தருவிக்கும் வாளிகளின் எண்ணிக்கைக்கே நன்கொடை கணக்கிடப்பட்டது. வாடிக்கையாளர் வாங்குவதால் நன்கொடை நேரடியாகக் கூடிவிடாது. வரிசையில் நின்று வாங்கியவரோ, தம் கையால் அரை டாலர் தர்மம் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு வீடு திரும்பினார்!

இத்தகைய நாடாப் பொருட்களை வாங்குமுன் சிந்தியுங்கள் என்று, நோயுற்ற பெண்களே நடத்தும் வேறோர் அமைப்பு 2002 முதலே பிரசாரம் செய்து வந்தது. இப்பொருளின் விலையில் எவ்வளவு நோயாளிக்குச் செல்கிறது? யார் மூலம் செல்கிறது? இதற்கு உச்சவரம்பு உண்டா? இப்பொருளே நோயை வளர்ப்பதா? இவையே அவர்கள் கேட்கச் சொன்ன கேள்விகள். நம் ஊர்க் கடைகளில் "இதை வாங்கினால் ஒரு ரூபாய் ஏழைக் குழந்தைக்கு" என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, இந்த நான்கு கேள்விகளும் நமக்கும் பயன்படும்.

பெயரும் பங்கீடும்

இன்னொரு கேள்வி கணக்கு ஏட்டிலிருந்து எழுந்தது. நோயைக் குணப்படுத்துவதற்காக என்ற பொருள்தரும் சொற்களை அவ்வமைப்பு தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டிருந்தது. ஆனால் 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆராய்ச்சிக்குச் சென்றது நூற்றுக்கு 15 அளவே. கல்விக்கும் விழிப்புணர்வுக்கும் சென்றது நூற்றுக்கு 43. குணப்படுத்துவதற்கென்று கொடுத்த பணம் துண்டறிக்கைக்கா போயிற்று என்று கொடுத்தவர்கள் கேட்டனர். விழிப்புணர்வும் பரிசோதனையும் உயிரைக் காப்பவையே என்று நிறுவனம் பதிலளித்தது. அந்தப் பதிலில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லி வாங்கி மற்றொன்றுக்குச் செலவிட்டதாகக் கொடுத்தவர் உணர்ந்துவிட்டால், பிறகு சொல்லும் விளக்கம் செவியில் ஏறுவதில்லை. மையித் வாகனத்துக்கென்று வசூலித்துவிட்டு மினாராவுக்கு வர்ணம் பூசினால் நம் ஊரில் என்ன நடக்கும்? மினாராவும் நல்ல காரியம்தான். ஆயினும் மக்கள் கேட்பார்கள் அல்லவா?

பெயரிலிருந்த அந்தச் சொற்களை மற்றவர்கள் பயன்படுத்தக்கூடாது என்று, சிறிய அறநிறுவனங்களுக்கு அவ்வமைப்பின் வழக்கறிஞர்கள் கடிதம் அனுப்பிய செய்தியும் 2010-இல் வெளியாயிற்று. பட்டம் விட்டு நுரையீரல் புற்றுநோய்க்கு நிதி திரட்டிய சிறு குழுவும் இதற்குத் தப்பவில்லை. நம் பெயரைப் பயன்படுத்தி எவரும் ஏமாற்றிவிடாமல் காப்பது கொடையாளருக்கு நன்மையே என்பது நிறுவனத்தின் வாதம். நோயாளிக்கென்று தந்த காசு வழக்கறிஞருக்குப் போவதா என்பது மக்களின் வாதம்.

மூன்று நாட்கள்

இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த ஐயங்கள் 2012-இல் ஒரே நேரத்தில் வெடித்தன. பெண்களுக்கான மருத்துவ மையங்களை நடத்தும் பிளாண்டு பேரண்ட்ஹுட் என்ற அமைப்புக்கு, ஏழைப் பெண்களின் மார்பகப் பரிசோதனைக்காகக் கோமன் நிறுவனம் நிதி வழங்கி வந்தது. 2011-இல் அளித்தது ஏறத்தாழ 6,80,000 டாலர். அந்த நிதியை நிறுத்தப் போவதாக 2012 ஜனவரி 31 அன்று செய்தி வெளியானது. அந்த மையங்கள் கருக்கலைப்பும் செய்பவை. ஆகவே இது அரசியல் என்று ஒரு சாரார் கொதித்தனர்; நீண்ட நாள் செய்திருக்க வேண்டிய காரியம் என்று மறுசாரார் பாராட்டினர். மூன்றே நாட்களில், பிப்ரவரி 3 அன்று, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டது. உடனே பாராட்டியவர்களும் கொதித்தனர். இரு பக்கத்து மக்களையும் ஒரே வாரத்தில் இழந்தது அந்த நிறுவனம்.

கருக்கலைப்பு பற்றிய மார்க்கச் சட்டம் தனியாகப் பேசவேண்டிய ஒன்று. இங்கே நம் கவனம் நிதியின் மீதே. 2013 மார்ச்சில் முடிந்த கணக்காண்டில் அந்த நிறுவனத்துக்கு வந்த நன்கொடை 34.8 கோடி டாலரிலிருந்து 27 கோடி டாலராக, நூற்றுக்கு 22 வீதம் குறைந்தது. அதே ஆண்டில், நிறுவனத் தலைவிக்கு அதற்கு முந்தைய கணக்காண்டில் ஏறத்தாழ 6,84,000 டாலர் ஊதியம் வழங்கப்பட்ட செய்தி வரிக் கணக்கின் வழியே வெளிவந்து, மேலும் மனக்கசப்பை வளர்த்தது. 14 நகரங்களில் நடந்து வந்த மூன்று நாள் நடைப்பயணம், 2014 முதல் 7 நகரங்களில் கைவிடப்பட்டது.

இப்பொழுது நிதானமாக ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். அந்த 7.8 கோடி டாலர் குறைந்ததால் நட்டம் யாருக்கு? பதவியிலிருந்தவர் பதவி விலகினாலும் அவருடைய வாழ்வு நடக்கும். கோபித்துக்கொண்ட கொடையாளரின் பணம் அவருடைய பையில் இருக்கும். மருத்துவக் காப்பீடு இல்லாத ஓர் ஏழைப் பெண், மார்பில் ஒரு கட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, இலவசப் பரிசோதனை எங்கே நடக்கும் என்று காத்திருந்தாள் அல்லவா? அவளைத்தான் அது தொட்டிருக்கும். அறநிறுவனம் மக்களின் நம்பிக்கையைச் செலவழித்துவிட்டால், அந்தக் கடனை அடைப்பவர் நோயாளியே.

பெயரே முகமூடியானால்

மேலே சொன்னது, நல்ல நோக்கத்தோடு தொடங்கி வழியில் தடுமாறியவர்களின் கதை. தொடக்கமே வஞ்சகமாக இருந்த கதையும் உண்டு. 2015 மே மாதம் அமெரிக்க அரசின் வணிக ஆணையமும் 50 மாநில அரசுகளும் ஒன்றுசேர்ந்து நான்கு புற்றுநோய் அறநிறுவனங்களின் மீது வழக்குத் தொடுத்தன. ஒரே குடும்பத்தாரையும் அவர்களைச் சார்ந்தவர்களையும் சுற்றி அமைந்த நிறுவனங்கள் அவை. 2008 முதல் 2012 வரை 18.7 கோடி டாலர் வசூலித்து, நோயாளிகளுக்குச் செலவிட்டது நூற்றுக்கு மூன்று அளவே என்றது குற்றச்சாட்டு. எஞ்சியது கார்களுக்கும், உல்லாசக் கப்பல் பயணங்களுக்கும், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் போயிற்று. தொலைபேசியில் வசூலிக்கும் தொழில்முறை முகவர்கள், வந்த ஒவ்வொரு டாலரிலும் பல வேளை 85 சென்ட்டோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டனர். அந்நிறுவனங்கள் பின்னர் மூடப்பட்டன.

கொடுத்தவர்கள் யார்? தொலைபேசியில் "குழந்தைகளுக்குப் புற்றுநோய்" என்ற சொல்லைக் கேட்டதும் மனம் கரைந்த சாதாரண மக்கள். இரக்கம் அவர்களிடம் குறைவின்றி இருந்தது. ஒரே ஒரு கேள்விதான் குறைந்தது.

பிரிட்டனிலும் அதே ஆண்டில் ஒரு விழிப்பு ஏற்பட்டது. பிரிஸ்டல் நகரில், 76 ஆண்டுகள் அறப்பணிக்காகப் பாப்பிப் பூ விற்றுவந்த ஆலிவ் குக் என்ற 92 வயது மூதாட்டி காலமானார். ஒரே ஆண்டில் அறநிறுவனங்களிடமிருந்து அவருக்கு 466 கடிதங்கள் வந்திருந்தது பின்னர் விசாரணையில் தெரிந்தது. 99 நிறுவனங்களிடம் அவருடைய முகவரி இருந்தது. அவருடைய மறைவுக்கு இக்கடிதங்கள் காரணமல்ல என்று குடும்பத்தார் கூறினர். எனினும், இளகிய மனமுள்ளவரின் பெயர் கைமாறிக் கைமாறிச் செல்வதை அறிந்து மக்கள் அதிர்ந்தனர். 2016-இல் நிதி திரட்டலைக் கண்காணிக்கப் புதிய அமைப்பு உருவாயிற்று. கொடையாளரின் செல்வநிலையை அவர் அறியாமலே ஆராய்ந்ததற்காக, அந்நாட்டின் புகழ்பெற்ற இருதய நல அறநிறுவனத்துக்கு அதே ஆண்டு டிசம்பரில் 18,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. கேட்பவருக்கும் ஒழுங்கு உண்டு என்பதைச் சட்டம் எழுதி வைக்கவேண்டி வந்தது.

மார்க்கம் காட்டும் வழி

நமக்கோ இந்த ஒழுங்கு பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கற்பிக்கப்பட்டுவிட்டது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைக் குர்ஆன் ஷரீபின் தவ்பா அத்தியாயம் வகுத்துச் சொல்கிறது. அவர்களில் அதை வசூலித்துப் பங்கிடும் ஊழியர்களும் ஒரு வகையினர். ஆகவே, அறப்பணியில் வேலை செய்பவர் ஒரு காசும் வாங்கக்கூடாது என்று நாம் எதிர்பார்ப்பது சரியன்று. அவருக்கும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் எல்லை இல்லாமலும் விடப்படவில்லை. அந்தப் பங்கு எட்டில் ஒன்றைத் தாண்டலாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். அவர்களின் உழைப்புக்குத் தக்க அளவே தர வேண்டும், அதுவும் வசூலானதில் பாதியைத் தாண்டலாகாது என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். நூறு டாலரில் 85-ஐ வசூலித்தவரே எடுத்துக்கொண்ட கதையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இப்னுல் லுத்பிய்யா என்பவரை ஜகாத் வசூலிக்க அனுப்பிய நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. தம் பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில், மிம்பரில் ஏறி எல்லாரும் அறியக் கேட்டார்கள். கணக்குக் கேட்பது அவமதிப்பு என்றிருந்தால் அண்ணலார் கேட்டிருப்பார்களா? குர்ஆனின் மிக நீண்ட ஆயத்தே, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வது பற்றியதுதான். இருவருக்கிடையிலான கடனுக்கே எழுத்து வேண்டுமானால், ஆயிரம் பேரின் அமானிதத்துக்கு எழுத்து வேண்டாமா?

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்க வேண்டும் என்பது கொடுப்பவரின் அடக்கத்துக்காகச் சொல்லப்பட்டது. வாங்கியவரின் கணக்கை மறைக்கும் திரையாக அதை எவரும் ஆக்கிக்கொள்ளலாகாது.

இங்கே சிலர், "நம் நிய்யத்து நல்லதாக இருந்தால் போதும், தவறான கைக்குப் போனாலும் அல்லாஹ் கூலி தருவான்" என்பார்கள். அது உண்மை. அறியாமல் திருடனுக்கும் செல்வந்தனுக்கும் தர்மம் கொடுத்துவிட்ட ஒருவரின் தர்மம் ஏற்கப்பட்டதாக ஹதீஸ் உண்டு. அது கொடுத்தவரின் மனத்துக்கு ஆறுதல். ஆனால் சற்று யோசியுங்கள். கூலி நமக்குக் கிடைத்துவிட்டது. மருந்து நோயாளிக்குக் கிடைத்ததா? நம் நன்மையை மட்டும் எண்ணிக் கொடுத்தால் முதல் கேள்வியோடு நின்றுவிடலாம். பிறர் துயரையும் எண்ணிக் கொடுத்தால் இரண்டாவது கேள்வியையும் கேட்டுத்தான் தீர வேண்டும்.

மறுபுறம், ஐயத்தையே கேடயமாகப் பிடித்து எவருக்கும் கொடாமல் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விசாரிக்காமல் ஒருவரைக் கள்ளர் என்பது அவதூறு. உண்மையிலேயே பிள்ளையின் உயிருக்காகக் கையேந்தி நின்றவரை நாம் அப்படிச் சொல்லியிருந்தால், மறுமையில் அதற்கும் கேள்வி உண்டு.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

முதலாவது, வீட்டுக்கு ஒரு தர்மக் குறிப்பேடு வையுங்கள். ஜகாத் தனியாக, ஸதகா தனியாக எழுதுங்கள். விழிப்புணர்வு ஊர்வலத்துக்கும் கட்டடத்துக்கும் ஜகாத்துப் பணத்தைக் கொடுக்குமுன் உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். ஏழை நோயாளியின் மருந்துக்குக் கொடுப்பது வேறு, நிறுவனத்தின் பொது நிதிக்குக் கொடுப்பது வேறு.

இரண்டாவது, தனி நோயாளிக்கு உதவும்போது மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டைக் கேளுங்கள். இயன்றவரை மருத்துவமனையின் கணக்கிலேயே செலுத்துங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அத்திட்டத்திலேயே செய்யக்கூடிய சிகிச்சைக்காகப் பள்ளி பள்ளியாக அலைபவர்கள் உண்டு. அவர்களுக்கு நூறு ரூபாய் கொடுப்பதைவிட, உடன் சென்று விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது பெரிய ஸதகா.

மூன்றாவது, நிறுவனங்களுக்குக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள், ஆண்டறிக்கை கேளுங்கள். வருமானவரிச் சட்டப்படி விலக்கு பெற்ற நிறுவனமா என்று பாருங்கள். சென்ற ஆண்டு எத்தனை நோயாளிகளுக்கு உதவினீர்கள், வசூல் செலவு எவ்வளவு என்று கேட்டால் நல்ல நிறுவனம் மகிழ்ந்து பதில் சொல்லும். கேள்வி கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் கொடுக்குமுன் மேலும் விசாரியுங்கள்.

நான்காவது, செல்பேசியில் வரும் குழந்தைப் படத்தை, அதிலுள்ள எண்ணில் பேசி உறுதி செய்யாமல் பிறருக்கு அனுப்பாதீர்கள். நோயுற்ற பெண்ணின் முகத்தை ஊரறியக் காட்டுவதற்கு முன், அவள் நம் வீட்டுப் பெண்ணாயிருந்தால் சம்மதிப்போமா என்று எண்ணுங்கள். வறுமை ஒருவருடைய மானத்தை நம் கையில் ஒப்படைத்துவிடுவதில்லை.

ஐந்தாவது, ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலில் மருத்துவ உதவி கேட்டு ஒருவர் வந்தால், ஜும்ஆவுக்கு முன்பே இருவர் அமர்ந்து அவருடைய சீட்டுகளைப் பார்த்து, மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, சேர்ந்தது இவ்வளவு, சேர்த்த இடம் இது என்று வாசலிலுள்ள பலகையில் எழுதுங்கள். அந்த ஒரு வரி, அடுத்து வரும் ஏழைக்கு நீங்கள் செய்யும் பேருதவி. உண்மையாளரின் மீது விழும் ஐயத்தை அதுவே துடைக்கும்.

நம் பாட்டிமார்கள் உலை வைக்குமுன் மதரஸாவுக்கென்று பிடியரிசி எடுத்துப் பானையில் போட்டு வைத்தார்கள். அவர்களுக்கு ஆண்டறிக்கை தெரியாது. ஆனால் அந்த அரிசி எந்த மதரஸாவுக்குப் போகிறது, அங்கே எத்தனை பிள்ளைகள் ஓதுகிறார்கள், அரிசி வாங்க வருபவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் தெரியும். வராத மாதம் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் சந்தேகம் இல்லை. உரிமை இருந்தது, அன்பு இருந்தது. அரிசியைக் கொடுத்த கை, கேள்வியையும் சேர்த்தே கொடுத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் துண்டு விரிக்கப்படும்போது, நாமும் கொஞ்சம் நின்று, அவர் அருகில் சென்று, "பிள்ளை இப்பொழுது எப்படி இருக்கிறது?" என்று கேட்டுக் கொடுப்போம்.

வல்ல ரஹ்மான் நம் தர்மங்களை ஏற்று, அவை உரியவரைச் சென்றடையச் செய்வானாக! பொது அமானிதத்தைச் சுமப்பவர்களுக்கு நேர்மையையும், நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும் அருள்வானாக! ஆமீன்.